டொயோட்டா எடுத்தா ஒர்க்‌ஷாப் பக்கமே போக வேண்டாமா? குமரி மாவட்டத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

களியக்காவிளைல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் யாரு பழைய வண்டி எடுக்கப் போறேன்னு சொன்னாலும் அடுத்த நிமிஷம் யாராவது ஒருத்தர் "டொயோட்டா எடு மக்கா, கண்ண மூடிட்டு ஓட்டலாம்"னு சொல்லிருவாவ. நான் மெக்கானிக்கும் இல்ல, கம்பெனி ஆளும் இல்ல, சொந்தக்காரங்க தெரிஞ்சவங்க வண்டி பாக்கப் போகும்போது கூடப் போயி அடியில குனிஞ்சு பாக்குற ஆளு, அவ்ளோ தான். எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க தான், ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட காஞ்சு போச்சு, அதனால இங்க எழுதி வச்சிருக்கேன்.

சுருக்கமா சொல்லுங்க, அந்தப் பேரு நெஜமா, இல்ல சும்மா ஊதி விட்டதா?

நெஜம் தான். ஆனா எல்லா டொயோட்டாவுக்கும் சமமா நெஜம் இல்ல. குவாலிஸ், பழைய இன்னோவா, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ்னு ஒரு கூட்டம் உண்டு, பேரச் சம்பாதிச்சது அந்தக் கூட்டம், இப்போ அதே முத்திரைய ஒட்டிட்டு வர்ற எல்லா வண்டியும் அந்தப் பேருல பங்கு கேக்குது. ரெண்டாவது, அது இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கெடச்ச பேரு, தகரத்துக்கு கெடச்சது இல்ல, நம்ம கடக்கரைப் பக்கம் வண்டிக்கு எமன் தகரத்துல தான் வரும். மூணாவது, பேரு உண்மையா இருந்தாலும் அதுக்காக நீங்க எக்ஸ்ட்ராவா குடுக்குற காசு நியாயமான்னு தனியா பாக்கணும், இத யாரும் பாக்குறதே இல்ல.

இந்தப் பேரு நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? டிவி விளம்பரம் பாத்தா?

விளம்பரம் எல்லாம் இல்ல. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு வழியா வந்துச்சு. ஒண்ணு கல்ஃப். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது துபாய், மஸ்கட், தம்மாம், குவைத்னு எங்கயாவது இருந்துட்டு வந்தவங்க தான், அங்க கம்பெனி வண்டி ஹைலக்ஸ், அரபி வீட்டு வண்டி லேண்ட் குரூசர், டாக்ஸி கொரோலா இல்லன்னா கேம்ரி, டிரைவர் வேலைக்குப் போனவங்க அதுலயே வருஷக் கணக்கா மணல்லயும் வெயில்லயும் ஓட்டிட்டு "எண்ணெய் மாத்துனா போதும், ஓடிட்டே கெடக்கும்"னு சொல்லிட்டு வந்து எறங்குனாவ. இந்தியாவுல டொயோட்டா கார் விக்கிறதுக்கு முன்னாடியே கொளச்சல்லயும் தக்கலயிலயும் அந்தப் பேரு வந்தாச்சு.

ரெண்டாவது குவாலிஸ். கிர்லோஸ்கர் கூட கூட்டு சேந்து பெங்களூர் பக்கம் பிடதில பேக்டரி போட்டு 2000-ல குவாலிஸ் விட்டாங்க. பாக்க பெட்டி மாதிரி தான் இருக்கும், அந்தக் காலத்துலயே அது பழைய டிசைன், இந்தோனேசியாவுல கிஜாங்ன்னு ஓடின வண்டிய கொஞ்சம் மாத்தி இங்க விட்டது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரி, வேளாங்கண்ணி, சபரிமலை சீசன், கல்யாண ஓட்டம்னு ஒண்ணு விடாம ஓடுச்சு. நல்லா வித்துட்டு இருக்கும்போதே 2005-ல நிப்பாட்டிட்டு இன்னோவா விட்டாங்க, அதுவும் டாக்ஸிக்காரங்க கையில போச்சு. டாக்ஸிக்காரன் தான் நெஜமான விளம்பரம், அவனுக்கு வண்டி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல நின்னா அன்னைக்கு வருமானம் போச்சு, அவன் எத வாங்குறான்னு ஊரே பாத்துட்டு தான் இருக்கும்.

கல்ஃபுல ஓடுறதும் இங்க ஓடுறதும் ஒரே வண்டியா?

பாதி ஆமா, பாதி இல்ல. 2004-ல தாய்லாந்துல வச்சு ஐ.எம்.வி.ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ரோடு மோசமான நாடுகளுக்குன்னே ஒரு அடித்தளம், அதுல ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இன்னோவா மூணும் பொறந்தது. நம்ம இன்னோவாவுக்கும் கல்ஃப் ஹைலக்ஸுக்கும் சொந்தம் உண்டு, லேடர் ஃப்ரேம் (பாடிக்கு அடியில ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம்), பின் வீல் டிரைவ், டீசல் இஞ்சின் குடும்பம் எல்லாம் கிட்டக் கிட்ட. லேண்ட் குரூசர் வேற லெவல், அத இங்க இழுக்காதீங்க.

ஆனா அங்க காய்ஞ்ச மண்ணு, ஹைவேல நூத்து இருபதுல போற ஓட்டம். இங்க வருஷத்துல ரெண்டு மழக்காலம், தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டுமே நம்ம தலயில தான் கொட்டும், போதாக்குறைக்கு கடக்காத்து, போதாக்குறைக்கு மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வர்றதுக்குள்ள ரெண்டாவது கியர விட்டு மேல போக முடியாத டிராபிக். அந்த அனுபவத்த அப்படியே இங்க கொண்டு வந்து வைக்க முடியாது.

சரி, மத்த வண்டில இல்லாதது இதுல அப்படி என்ன உண்டு? ஏன் நீடிச்சு ஓடுது?

இதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா முக்கிய சங்கதி இங்க தான் கெடக்கு.

மொதல் காரணம், இஞ்சினப் பிழியாம விட்டிருக்காங்க. பழைய இன்னோவா டீசல் 2494 சி.சி., அதுல எடுக்குறது 102 குதிரை சக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க். அதே 200 நியூட்டன் மீட்டர எர்டிகா டீசல்ல இருந்த 1248 சி.சி. இஞ்சின் குடுத்துச்சு. அந்தச் சின்ன இஞ்சினும் மோசம் இல்ல, நம்ம ஊர்லயே லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓடின ஸ்விஃப்ட், டிசையர் எல்லாம் உண்டு, ஆனா பாதி சைஸ்ல இருந்து அதே வேலைய எடுக்கணும்னா டர்போ பிரஷர், சூடு எல்லாம் கூடுதலா தாங்கணும், எட்டு பேரையும் லக்கேஜையும் ஏத்திட்டு குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை ஏறும்போது எது மூச்சு வாங்கும்னு யோசிச்சுப் பாருங்க. பெரிய இஞ்சின நிதானமா வேல வாங்குனா தேய்மானம் கொறயும், இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, அவங்க மெதுவா மாத்துவாங்க. ஒரு இஞ்சின் வந்தா பத்துப் பதினஞ்சு வருஷம் அதையே வச்சு ஓட்டுவாங்க, அதுக்குள்ள எங்க எது உடையும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிரும் நம்ம மெக்கானிக்குக்கும் தெரிஞ்சிரும். ஸ்க்ரீன் சின்னதா இருக்கு, சன் ரூஃப் இல்ல, அவன் வண்டில அது உண்டு இவன் வண்டில இது உண்டுன்னு ஷோரூம்ல நின்னு குறை சொல்றோம்ல, அந்தக் குறை தான் பத்து வருஷம் கழிச்சு நல்லதா மாறுது, இல்லாத பார்ட்ஸ் ரிப்பேர் ஆகாது.

மூணாவது பேக்டரி பழக்கம். டொயோட்டா குடும்பம் மொதல்ல நெசவுத் தறி செஞ்சவங்க, சகிச்சி டொயோடா செஞ்ச தறில நூலு அந்துச்சுன்னா தறி தன்னால நின்னுரும், கெட்டுப்போன துணி ஓடிட்டே இருக்காது. அவரு மகன் கீச்சிரோ 1937-ல கார் கம்பெனி ஆரம்பிச்சப்போ அந்தப் புத்தியும் கூட வந்துச்சு. லைன்ல நிக்கிற சாதாரண ஆளு கூட தப்பு கண்டா கயிறப் பிடிச்சு இழுத்து லைன நிப்பாட்டலாம், தப்ப அந்த எடத்துலயே பிடிக்கணும், ஏன் வந்துச்சுன்னு அஞ்சு தடவ கேக்கணும்னு ஒரு முறை. உலகம் பூரா மத்த கம்பெனிக்காரங்க அதப் படிக்கப் போனாங்க, 1984-ல ஜெனரல் மோட்டார்ஸ் கலிஃபோர்னியாவுல டொயோட்டா கூட ஒரே பேக்டரிய நடத்தியே கத்துக்கப் பாத்துச்சு. இப்போ எல்லா கம்பெனியும் இதுல பாதியாவது பண்ணுது, அதனால தான் முன்ன இருந்த அளவு வித்தியாசம் இன்னைக்கு இல்ல.

அவ்ளோ நல்ல கம்பெனின்னா ரீகால் ஏன் வருது?

வரும். எல்லாருக்கும் வரும், இவங்களுக்கும் நல்லாவே வந்துச்சு. ரீகால் வந்தாலே வண்டி மோசம்னு எடுத்துக்கிடாதீங்க, தப்பக் கண்டுபிடிச்சு கூப்பிட்டு சரி பண்ணிக் குடுக்குறது நல்லது தான், மறைக்கிறது தான் மோசம். அந்த மோசத்தையும் இவங்க பண்ணிருக்காங்க, அத மறக்கக் கூடாது. 2009, 2010-ல அமெரிக்காவுல ஆக்ஸிலேட்டர் பெடல் கால் மேட்ல மாட்டிக்கிறது, பெடலே திரும்பி வராம ஒட்டிக்கிறதுன்னு லட்சக்கணக்கான வண்டியக் கூப்பிட வேண்டியதாச்சு, கம்பெனித் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால போயி மன்னிப்புக் கேட்டாரு. எலக்ட்ரானிக்ஸ்ல தப்பு உண்டான்னு நாசா வரைக்கும் ஆராய்ச்சி பண்ணி அப்படி ஒண்ணும் கிடைக்கலன்னு 2011-ல சொன்னாங்க, ஆனா ஜனங்களுக்கு உண்மையச் சொல்லாம மழுப்புனதுக்காக 2014-ல 120 கோடி டாலர் கட்டினாங்க.

நம்ம வண்டிக்கு கிட்ட வர்ற சங்கதி ஒண்ணு, 2024 ஜனவரில வந்துச்சு. டீசல் இஞ்சின் செஞ்சு குடுக்குற டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், குதிரை சக்தி டெஸ்ட் பண்ணும்போது விக்கிற வண்டில இல்லாத சாஃப்ட்வேர போட்டு ரிசல்ட்ட அழகாக் காட்டுனது வெளிய வந்து, இந்தியாவுல கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூணையும் கொஞ்ச நாள் அனுப்பாம நிப்பாட்டி வச்சாங்க, பிப்ரவரில மறுபடியும் விட்டாங்க. இதனால உங்க கிரிஸ்டா நடுரோட்டுல நிக்கப் போறதில்ல, ஆனா "அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா இத எடுத்துக் காட்டுங்க.

அதே வருஷம் அமெரிக்காவுல டண்ட்ரா பிக்கப்ல புது வி6 டர்போ இஞ்சின், பேக்டரில கடைஞ்சப்போ வந்த இரும்புத் தூளு உள்ளயே தங்கிருச்சுன்னு ஒரு லட்சம் வண்டிக்கு மேல ரீகால். பழைய பெரிய வி8 இஞ்சின எடுத்துட்டு புதுசு போட்ட உடனே இது. மேல சொன்னேன்ல, மெதுவா மாத்துறது தான் அவங்க பலம்னு, வேகமா மாத்துனா அவங்களும் மத்தவங்க மாதிரி தான்.

நாங்க கடல் பக்கத்துல இருக்கோம். துரு பிடிக்குமா?

பிடிக்கும். டொயோட்டான்னு பாத்து உப்பு ஒதுங்கிப் போகாது.

இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, துரு விஷயத்துல அவங்க மேல பெரிய கேஸே நடந்திருக்கு. அமெரிக்காவுல குளிர் மாநிலங்கள்ல பனி உருகுறதுக்கு ரோட்டுல உப்பு போடுவாங்க, அந்த உப்புல டகோமா, டண்ட்ரா, செகோயா வண்டிங்களோட ஃப்ரேம் அரிச்சு ஓட்ட விழுந்து போச்சு, 2016-ல சமரசம் பண்ணி சுமார் 15 லட்சம் வண்டிக்கு ஃப்ரேமப் பாத்துக் குடுக்க, தேவைப்பட்டா முழு ஃப்ரேமையே மாத்திக் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, மதிப்பு 340 கோடி டாலர் வரைக்கும்னு கணக்கு சொன்னாங்க. அந்த வண்டில பலதுக்கும் இஞ்சின் கல்லு மாதிரி இருந்துச்சு, கீழ ஃப்ரேம் தான் இல்ல. அங்க உப்பு ரோட்டுல, இங்க உப்பு காத்துல. முட்டம், கடியப்பட்டணம், கொளச்சல், இனயம், தூத்தூர் பக்கம் ஜூன்ல இருந்து காத்து அடிக்கும்போது கண்ணாடில விரல வச்சுப் பாத்தா உப்புப் படலம் தெரியும், அது வண்டிக்கு அடியிலயும் தான் ஒட்டும்.

இன்னோவா மாதிரி லேடர் ஃப்ரேம் வண்டில ஃப்ரேம் உள்ள பொள்ளலா இருக்கும். வெளிய பிளாக் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருப்பான், துரு உள்ள இருந்து வரும். சின்ன சுத்தியலோ ஸ்பேனரோ வச்சு தட்டிப் பாருங்க, நல்ல எடத்துல கணீர்னு கேக்கும், அரிச்ச எடத்துல சத்தம் மங்கும். பின் வீல் பக்கம் ஃப்ரேம் வளையிற எடம், லீஃப் ஸ்பிரிங்கோ காயில் ஸ்பிரிங்கோ உக்காருற எடம், டீசல் டேங்க் பட்டை, பிரேக் பைப், கதவுக்கு அடி விளிம்பு, டிக்கி கதவு உள்பக்கம், ஸ்டெப்னி தொங்குற எடம், இதெல்லாம் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஏ.சி. கண்டன்சரும் கடக்கரை வண்டில சீக்கிரம் அரிக்கும், அது எந்தக் கம்பெனி வண்டின்னாலும் தான்.

புதுசா எடுத்தவங்க செய்ய வேண்டியது, காத்து சீசன்ல வாரத்துக்கு ஒரு தடவயாவது நல்ல வெள்ளத்துல, அதாவது தண்ணில, அடியக் கழுவணும், போர் வெள்ளம் உப்பா இருந்தா அதுல கழுவி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஃப்ரேம்ல வெள்ளம் வடியிறதுக்கு ஓட்ட உண்டு, அண்டர் கோட்டிங் அடிக்கிறவன் அதையும் சேத்து அடச்சிருவான், நின்னு பாருங்க. பொள்ளல் உள்ள மெழுகு மாதிரி ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்க. சில பேரு பழைய இஞ்சின் ஆயில பிரஷ் வச்சு அடியில பூசுவாங்க, துருவுக்கு கொஞ்சம் கேக்கும், ஆனா ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போயி கெட்டுரும், அதுக்கு வேற செலவு.

குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் இருக்கவங்களுக்கு இந்தப் பயம் கொறவு, அங்க ஈரமும் ரப்பர் தோட்டத்து சகதியும் தான், அதக் கழுவி விட்டா போச்சு. அதனால ஒரே வருஷ மாடல் ரெண்டு இன்னோவா கெடச்சா, கிலோமீட்டர் கூட ஓடின மலைப்பக்க வண்டி, கொறச்சு ஓடின கடக்கரை வண்டிய விட கொள்ளாம்.

கிளான்சா, ரூமியன், டைசர் இதெல்லாம் டொயோட்டா தானே?

முத்திரை டொயோட்டா, வண்டி சுசுகி. கிளான்சா வந்து பலேனோ, ரூமியன் வந்து எர்டிகா, டைசர் வந்து ஃப்ரான்க்ஸ். 2019-ல கிளான்சா வந்தப்போ ஆரம்பிச்சது இது. வண்டி மோசம்னு சொல்ல வரல, அந்த மாருதி வண்டிங்களும் நம்ம ஊர்ல நல்லா தான் ஓடுது, ஆனா "இன்னோவா கம்பெனில வந்தது, அதே மாதிரி ஒழைக்கும்"னு நெனச்சு காசு கூட குடுத்தா அதுல அர்த்தம் இல்ல. 2023 ஜனவரில ஏர்பேக் கன்ட்ரோலர மாத்த மாருதி 17,362 வண்டியக் கூப்பிட்டப்போ டொயோட்டாவும் கிளான்சா, ஹைரைடர்னு 1,390 வண்டியக் கூப்பிட்டாங்க, பார்ட் ஒண்ணு, நோயும் ஒண்ணு.

ஒரு காலத்துல வாரண்டில வித்தியாசம் இருந்துச்சு, டொயோட்டா 3 வருஷம் இல்லன்னா 1 லட்சம் கிலோமீட்டர், மாருதி 2 வருஷம் 40,000. 2024 ஜூலைல மாருதியும் 3 வருஷம் 1 லட்சம்னு ஆக்கிருச்சு, அந்தக் காரணமும் போச்சு. இப்போ எந்த சர்வீஸ் சென்டர் உங்க வீட்டுக்கு கிட்ட, எவன் நல்லாப் பேசுறான், எவன் டிஸ்கவுண்ட் குடுக்குறான்னு பாத்து எடுங்க. தலகீழாவும் நடக்குது, மாருதி இன்விக்டோ வந்து இன்னோவா ஹைகிராஸ் தான், அதுல இருக்குறது அசல் டொயோட்டா.

ஹைகிராஸ் ஹைபிரிட் எடுக்கலாமா, பேட்டரி போச்சுன்னா?

ஹைபிரிட் அவங்களுக்குப் புதுசு இல்ல, 1997-ல பிரையஸ் விட்டதுல இருந்து பண்றாங்க, வெளிநாட்டுல டாக்ஸியாவே அது நெறைய ஓடுச்சு. இங்க ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்லன்னா 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி உண்டு. புதுசா எடுத்து எட்டு வருஷத்துக்குள்ள விக்கிறவங்க பேட்டரிக்காகப் பயப்பட வேண்டாம். பழசா வாங்குறவங்க தான் எத்தன வருஷம் பாக்கி இருக்குன்னு கணக்குப் போட்டு வெலயப் பேசணும்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க, ஹைகிராஸ் பழைய இன்னோவா இல்ல. லேடர் ஃப்ரேம் இல்ல, முன் வீல் டிரைவ், பெட்ரோல். ஓட்ட சொகம், மைலேஜும் நல்லா குடுக்குது, ஆனா இன்னோவான்னு பேரு எழுதினதால இருவது வருஷப் பேரு அதுக்கும் தன்னால வந்துராது, அது இனிமே தான் சம்பாதிக்கணும்.

கிரிஸ்டா டீசல் எடுத்தா டவுனுக்குள்ள மட்டும் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனா 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 (புது புகை விதி) டீசல்ல சைலன்சர் பக்கம் ஒரு ஃபில்டர் உண்டு, கரி அடைஞ்சா சூட்டுல தன்னால எரிச்சு சுத்தம் பண்ணிக்கிடும், அதுக்கு நீளமா ஒரு ஓட்டம் வேணும். நாகர்கோவில் டவுனுக்குள்ள வடசேரில இருந்து செட்டிகுளம், செட்டிகுளத்துல இருந்து வடசேரின்னு மட்டும் ஓட்டுனா எரியாது, லைட் வரும். இதே குடும்ப டீசல் இஞ்சின்ல 2015-ல இருந்து 2020 வரைக்கும் ஆஸ்திரேலியாவுல வித்த ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோவுல ஃபில்டர் பிரச்சனைன்னு இரண்டரை லட்சம் வண்டிக்கு மேல சேந்து கேஸ் போட்டு, கோர்ட்டும் வண்டில தான் குறைன்னு சொல்லிருச்சு. வாரம் ஒரு தடவ காவல்கிணறு தாண்டி நாலு வழிச் சாலைல திருநெல்வேலி பக்கம் ஒரு ஓட்டம் போயிட்டு வாங்க. அதுக்கு நேரம் இல்லன்னா பெட்ரோலோ ஹைபிரிட்டோ எடுங்க.

பழைய இன்னோவா, மீட்டர்ல 1 லட்சத்து சொச்சம் காட்டுது, நம்பலாமா?

மீட்டர நம்பாதீங்க. 2010 மாடல் இன்னோவா 1 லட்சம் தான் ஓடிருக்குன்னா யாரு ஓட்டுனா, ஏன் ஓட்டல, சர்வீஸ் பில் எங்கன்னு கேளுங்க. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோலு, டிரைவர் சீட் ஓரம், கியர் நாப், இத மாத்துறதுக்கு ரொம்ப பேரு மெனக்கெட மாட்டாங்க, அது உண்மையச் சொல்லும்.

அந்த 2.5 டீசல்ல டைமிங் பெல்ட் உண்டு, செயின் இல்ல. 1 லட்சம் 1.5 லட்சத்துக்கு ஒரு தடவ மாத்தணும், டேஷ்போர்டுல அதுக்குன்னே ஒரு லைட் எரியும். வித்துட்டுப் போறவன் பெல்ட்ட மாத்தாம லைட்ட மட்டும் ரீசெட் பண்ணிருப்பான், ஓடிட்டு இருக்கும்போது பெல்ட் அந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டி இஞ்சினப் பிரிக்கணும். ரிப்பேரே வராத இஞ்சின்னு பேரு வாங்குனது தான், ஆனா அந்தப் பேர நம்பி பெல்ட்ட மாத்தாம விட்டவங்க தான் பெரிய செலவுல மாட்டுறாவ. மாத்துன பில் இல்லன்னா மாத்தலன்னு நெனச்சுக்கிட்டு அந்தக் காச வெலயில கொறச்சுக் கேளுங்க. கிரிஸ்டாவுல செயின், இந்தத் தலவலி இல்ல.

காலைல போங்க, நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. சூடாகாத பச்ச இஞ்சின்ல தான் இன்ஜெக்டர் தட்டுற சத்தம், வெள்ளப் புகை எல்லாம் தெரியும். ஓடும்போது ஆயில் மூடியத் திறந்து பாருங்க, புகை பிச்சுக்கிட்டு வந்தா உள்ள தேஞ்சு போச்சு. ரெண்டு, மூணு லட்சம் ஓடுனதால வேண்டாம்னு சொல்லாதீங்க, பில்லோட மூணு லட்சம் ஓடின வண்டி, பில் இல்லாம ஒண்ணரை லட்சம் காட்டுற வண்டிய விட எவ்ளவோ மேல்.

வெள்ளத்துல முங்கின வண்டியான்னும் பாக்கணும். 2018-ல கேரளாவுல, 2021 நவம்பர்ல நம்ம மாவட்டத்துலயே, 2023 டிசம்பர்ல நெல்லை தூத்துக்குடில எல்லாம் வெள்ளம் வந்துச்சு, அந்த வண்டி எல்லாம் எங்கயோ ஓடிட்டு தானே இருக்கும். சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்துப் பாருங்க, கடைசி முழத்துல சேத்துக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில போல்ட் துரு, கார்பெட்டத் தூக்குனா வாடை. எந்த ஜப்பான் எலக்ட்ரானிக்ஸும் சேத்து வெள்ளத்த ஜெயிக்காது.

கேரளா நம்பர் வண்டி வெல கம்மியா கெடைக்குதே?

கெடைக்கும், பாறசாலை தாண்டினா கே.எல். 19, கே.எல். 20 வண்டி நெறைய உண்டு. ஆனா என்.ஓ.சி. வாங்கி, இங்க டேக்ஸ் கட்டி, டி.என். 74 இல்லன்னா டி.என். 75-க்கு மாத்தணும், பன்னெண்டு மாசத்துக்கு மேல அடுத்த ஸ்டேட் நம்பர்ல இங்கயே ஓட்ட முடியாது. அந்தச் செலவயும் அலைச்சலயும் கூட்டிப் பாத்துட்டு வெல கம்மியான்னு சொல்லுங்க. டி போர்டா ஓடி ஓன் போர்டுக்கு மாத்துன வண்டின்னா பெர்மிட் சரண்டர் பேப்பர் கேளுங்க.

டெல்லி மாதிரி பத்து வருஷ டீசல் வண்டிய இங்கயும் நிப்பாட்டுவாங்களா?

அது டெல்லி சுத்துவட்டாரத்துக்கு உள்ள உத்தரவு. இங்க 15 வருஷம் ஆனா எஃப்.சி. பாத்து ஆர்.சி. புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும், காருக்கு புதுப்பிக்கிற பீஸே 2022-ல 600-ல இருந்து 5,000 ஆச்சு. பழைய இன்னோவா எடுக்குறவங்க இந்தத் தேதி எப்போ வருதுன்னு ஆர்.சி.ல பாத்துட்டு எடுங்க, துரு பிடிச்ச வண்டி அங்க தான் மாட்டும்.

அப்போ அந்த எக்ஸ்ட்ரா காசு குடுக்கலாமா கூடாதா?

நீங்க யாருன்னு பாத்து தான். வருஷத்துக்கு நாப்பதாயிரம், அம்பதாயிரம் ஓட்டுற ஆளு, டாக்ஸி, பெரிய குடும்பம், பத்து வருஷம் வச்சிருக்கப் போறேன்னா குடுங்க, காசு திரும்பி வரும், விக்கிற அன்னைக்கும் அதே பேரு உங்களுக்கு வெல வாங்கிக் குடுக்கும். லீவுல வரும்போது ஒரு மாசம் ஓட்டிட்டு மிச்ச நாளெல்லாம் வீட்டு முற்றத்துல மூடிப்போட்டு நிப்பாட்டுற கல்ஃப் அண்ணனுக்கு எதுக்கு இன்னோவா? நிக்கிற வண்டிக்கு எந்த இஞ்சினும் ஒண்ணு தான், பேட்டரி எறங்கும், எலி வயரக் கடிக்கும், உப்பு அது வேலையப் பாக்கும். அவரு அந்த வெலயில பாதிக்கு நல்ல ஹேட்ச்பேக் எடுத்துட்டு மீதிய வேற வேலைக்கு வைக்கலாம், ஊர்ல வண்டிய வச்சு தான் ஆளப் பாப்பாவன்னு சொன்னா அது வேற கணக்கு, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

நடுவுல இருக்கவங்களுக்கு ஒரு விஷயம். பத்துப் பன்னெண்டு வருஷப் பழைய இன்னோவாவுக்கு இன்னைக்கு கேக்குற வெலயில ரொம்ப வருஷம் கம்மியான எர்டிகாவோ வேற ஏழு சீட் வண்டியோ கெடைக்கும். பழைய இன்னோவா இஞ்சின் நல்லா இருக்கலாம், ஆனா அந்த வயசுல சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி., கிளட்ச், டயர் எல்லாத்துக்கும் ஒரே வருஷத்துல கை வைக்க வேண்டி வரும், அதெல்லாம் எந்த முத்திரைய ஒட்டினாலும் தேயிற சாமான்.

எட்டியோஸ் எப்படி? நிப்பாட்டிட்டாங்களே, ஸ்பேர் கெடைக்குமா?

2010-ல வந்து 2020-ல நிப்பாட்டுனாங்க. ஒத்த வைப்பர், நடுவுல மீட்டர், உள்ள பாத்தா ஒண்ணுமே இல்லன்னு ஊரே கேலி பண்ணுச்சு, ஆனா என்னயக் கேட்டா இந்த மாவட்டத்துல வெலைக்கு மேல ஒழச்ச டொயோட்டா அது தான். டாக்ஸில அவ்ளோ ஓடுனதால ஸ்பேருக்கு பஞ்சம் இல்ல, வெளிய இருக்க மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு பாப்பாவ. ஓன் போர்டு வண்டி, கடக்கரைல நிக்காதது, பில்லோட கெடச்சா பேரம் பேசி எடுத்துருங்க.

ஃபார்ச்சூனர்?

காசு உண்டுன்னா எடுங்க அண்ணாச்சி, அதுக்கு எங்கிட்ட எதுக்கு கேக்குதிய. பார்க்கிங் மட்டும் மொதல்ல பாத்து வச்சிட்டு எடுங்க, மீனாட்சிபுரத்துல அத எங்க நிப்பாட்டுவியன்னு எனக்குத் தெரியல.